பள்ளத்துப் பக்கம் கேட்ட ஹாரன்

ஹாரன் சத்தம் வந்தது சரிதான். வந்த திசைதான் ஆரிப்புக்கு உதைத்தது. ஜீப் ரோடு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு இடப்பக்கம். சத்தமோ வலப்பக்கமிருந்து, ஏலச்செடிகளுக்கு அப்பால் மலை சடாரென்று அறுந்து இறங்கும் பெரும்பள்ளத்திலிருந்து வந்தது.

மணி நாலுதான் ஆகியிருந்தது. ஆனால் வங்கக்கடலில் கிளம்பிய புயல் போடிமெட்டுக்கு மேலேயும் மழையை அள்ளிக் கொட்டியதில், மூன்று நாளாகப் பகல் என்ற பேச்சே இல்லை. பனிமூட்டம் ஸ்டோர் வாசல்வரை வந்து நின்றது. காய் உலர்த்தும் அறையின் விறகுப்புகையும், சூடேறிய ஏலக்காயின் காரமான வாசமும், தகரக் கூரையில் விடாமல் அறையும் மழையும் தவிர உலகத்தில் வேறெதுவும் மிச்சமில்லை போலிருந்தது. போடிக்கு ஸ்கேன் எடுக்கப் போன அவன் மனைவி ஜன்னத், ஐந்து மாத வயிற்றோடு பால்ராஜின் ஜீப்பில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். "போடிமெட்டு தாண்டிட்டோம் மச்சான், பயப்படாதீக" என்று போனில் வந்த குரல் பாதியில் அறுந்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. டவரும் இல்லை, கரண்டும் இல்லை.

ஆரிப் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவன். லீவில் தோட்டத்துக்கு வந்தவன் சும்மா இருந்தானா, கடல் சட்டத்தை மலைக்கு ஏற்றிவிட்டான். பனியில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நீளமாக ஊத வேண்டும். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் மணியடித்துத் தன் இடத்தைக் காட்ட வேண்டும். அதே மாதிரி ஜீப்புகள் ஹாரன் அடிக்கட்டும், வேலையாட்களைக் கூப்பிட ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை இங்கிருந்து தட்டுகிறோம், அந்தச் சத்தத்தைப் பார்த்து வண்டியைத் திருப்புங்கள் என்று சொல்லிவைத்தான். "மலையில கப்பல் ஓட்டுறாரப்பா பாய்" என்று டிரைவர்கள் கேலி பேசினாலும் கேட்டுக்கொண்டார்கள். பனி இறங்கிவிட்டால் கடைசி வளைவில் ரோடு எது, பள்ளம் எது என்று ஒருவனுக்கும் தெரியாது.

சுத்தியலை எடுத்துத் தட்டினான். ணங், ணங், ணங்.

பள்ளத்திலிருந்து பதில் வந்தது. நீளமாக, ஒரே ஊதல்.

"இது பால்ராசு வண்டி இல்லயே பாய்," என்றான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த காசிராஜன். "அவன் ஹாரன் கீச்சு கீச்சுன்னு கத்தும். இது என்னமோ எருமை அடித்தொண்டையில கத்துறாப்புல இருக்கு."

"மலை எதிரொலிக்குதுண்ணே."

"எதிரொலின்னா ரெண்டு பக்கமும்ல கேக்கணும்."

ஆரிப் வாட்சைப் பார்த்தான். சரியாக இரண்டு நிமிடம். மறுபடி ஊதல், இன்னும் பக்கத்தில். என்னதான் சொல்லிவைத்தாலும் ஜீப் டிரைவர் எவனும் வாட்சைப் பார்த்து ஹாரன் அடிக்க மாட்டான். அது மட்டுமா, அந்த ஊதல் அவனுக்குத் தெரிந்த ஊதல். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு புயலில் ஒதுங்க இடம் தேடி அவன் கப்பல் ஓடியபோது, காவலுக்கு நின்றவன் அவன்தான். பின்னாலிருந்து ஏதோ ஒரு சின்னக் கப்பல் ஊதிக்கொண்டே வந்தது. உதவப் போனால் நாமும் போய்ச் சேருவோம் என்ற பயத்தில், கேப்டன் கேட்டபோது "எதுவும் கேக்கல சார்" என்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஊதல் நின்றுபோனது. ஜன்னத்திடம்கூட அவன் இதைச் சொன்னதில்லை.

விறகுப்புகையை மீறி உப்பு வாடை அடித்தது. நனைந்த கயிறு. டீசல்.

"தட்டுறத நிப்பாட்டுங்க பாய். எதுவோ சத்தத்தப் பிடிச்சுக்கிட்டு வருது."

"நிப்பாட்டுனா ஜன்னத்துக்கு வழி தெரியாதுண்ணே."

"அப்ப நான் டார்ச்ச எடுத்துக்கிட்டு வளைவுல போயி நிக்கிறேன். வண்டிய நான் திருப்பி விடுறேன்." காசிராஜன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினான்.

ஊதல். வலப்பக்கம் ஏலச்செடிகள் சரசரத்தன. காற்றா? காற்று எதிர்ப்பக்கமல்லவா அடிக்கிறது. ஆரிப் ஓங்கிய சுத்தியலை நிறுத்தினான். தட்டினால் இது வருகிறது, தட்டாவிட்டால் அவள் போகிறாள். பாழாய்ப்போன சட்டத்தை ஏன்தான் இந்த மலைக்குக் கொண்டுவந்தோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டான். அதற்குள் வளைவில் டார்ச் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. காசிராஜன் நிற்கிறான். போதும்.

சுத்தியலைக் கீழே வைத்தான்.

செடிகளின் சரசரப்பு நின்றது. ஊதலும் வரவில்லை. இரண்டு நிமிடம். மூன்று. மழை மட்டும்.

பிறகு, ணங்.

அவன் தட்டவில்லை. தண்டவாளத் துண்டு அசையாமல் தொங்கியது.

ணங், ணங், ணங். பள்ளத்திலிருந்து.

டார்ச் வெளிச்சம் தயங்கியது. திரும்பியது. வலப்பக்கமாக நடந்தது.

"அண்ணே, அங்கிட்டு இல்லண்ணே." காற்று அவன் குரலைத் தின்றது. டார்ச் விழவில்லை. ஒரே மட்டத்தில், மண்ணே இல்லாத இடத்தில், நடந்து போய்க்கொண்டே இருந்தது.

இடப்பக்கம் கீச்சென்று ஹாரன். பால்ராஜ். ஜன்னத்.

ஆரிப் சுத்தியலைப் பாய்ந்து எடுத்து அடித்தான். அவனுடைய ஒவ்வொரு அடிக்கும் பள்ளத்திலிருந்து ஓர் அடி. அதே தாளம். அதைவிடக் கணீரென்று. ஜீப்பின் மஞ்சள் விளக்குகள் வளைவில் நின்றன. யோசித்தன. வலப்பக்கம் திரும்பின.

சுத்தியலை எறிந்துவிட்டு ஓடினான். வழுக்கி விழுந்தான். எழுந்தான். பள்ளத்தின் விளிம்பில் கால் நின்றது.

எதிரே, வெறும் பனியில், ஜீப் நின்றது. சரியவில்லை. உள்விளக்கு எரிந்தது. முன்சீட்டில் ஜன்னத், மடியில் ஸ்கேன் கவர். வெளியே லைஃப் ஜாக்கெட்டோடு நின்ற யாரையோ பார்த்துத் தலையசைத்தாள். பிறகு டிரைவர் பக்கமாக ஒதுங்கி, பக்கத்தில் இடம் விட்டாள்.