எலுமிச்சம்பழம் இறக்கிவிட்ட பாய்மரப் படகு

"எனக்கு டிரெய்லர் மட்டும் போதும் டீச்சர். மேல இருக்கறது வேண்டாம்!"

நீலமேகம் இதை மூன்றாவது முறையாகச் சொன்னான். பிலோமினா டீச்சரும் மூன்றாவது முறையாகத் தலையை ஆட்டினார், குறுக்காக.

"ரெண்டும் சேர்த்துத்தான் தம்பி. டிரெய்லர் வேணும்னா படகையும் எடுத்துக்கணும்."

அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருப்பவன் நீலமேகம். பேனர் சட்டங்களை ஊர் ஊராக ஏற்றிப்போக அவனுக்கு ஓர் இழுவை வண்டி தேவைப்பட்டது. 'இரண்டு சக்கர டிரெய்லர், நல்ல நிலையில்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, தங்கை செண்பகவல்லியையும் லாரிப் பட்டறை வைத்திருக்கும் நண்பன் திலகரையும் அழைத்துக்கொண்டு கடற்கரை ஓரத்து முள்ளிக்காயலுக்கு வந்திருந்தான். டிரெய்லர் நல்ல நிலையில்தான் இருந்தது. அதன்மேல் பதினாறு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு படுத்திருந்தது. படகுக்குள் ஓர் ஆடு அண்மையில் பிரசவித்திருந்தது.

"அண்ணே, நம்ம ஊர்ல குழாய்த் தண்ணியே பத்து நாளைக்கு ஒருக்காத்தான் வருது. இதை எங்க விடப் போறே?" என்று செண்பகவல்லி காதில் கேட்டாள்.

அதற்குள் டீச்சர் உள்ளே போய், நாலாய் மடித்த ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். நீல மையில் வரைந்த வரைபடம்! காயலின் வளைவு, ஒரு மணல்திட்டு, திட்டின் நடுவே ஒரு கம்பம், கம்பத்தடியில் பெருக்கல் குறி. ஓரத்தில் எழுதியிருந்தது: 'நம்ம படகில் மட்டும்.'

"என் வீட்டுக்காரர் ஸ்டீபன் கண்ணை மூடறதுக்கு முந்தின வாரம் கொடுத்தது. 'உனக்காக ஒரு பெட்டி வச்சிருக்கேன், நம்ம படகுல போய் எடு'ன்னாரு. நாலு வருஷமாச்சு. யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா தோண்டிட்டுப் போயிருவானுங்க." டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாறு நாள்ல வீட்டைக் காலி பண்ணிட்டு மகனோட புனேக்குப் போறேன். அப்புறம் இந்தப் பக்கம் வருவேனோ என்னவோ. அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு தெரிஞ்சுட்டுப் போகணும். எடுத்துக் கொடுத்தா வண்டியும் படகும் உங்களுக்கு. காசு வேண்டாம்."

நீலமேகம் நல்ல வியாபாரியாக இருந்திருந்தால் அப்போதே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பான். அவனுக்குக் கண்ணாடி துடைப்பவர்களைக் கண்டால் வேண்டாம் என்று சொல்ல வராது.

"எடுத்துத் தர்றோம் டீச்சர்!" என்றான்.

"எங்களுக்கு நீச்சலே தெரியாதே!" என்றான் திலகர்.

"அதான் படகு இருக்கே!" என்றான் நீலமேகம்.

குட்டி யானைச் சரக்கு வண்டியின் பின்னால் டிரெய்லரைக் கட்டி, ஆட்டையும் குட்டிகளையும் டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். அருப்புக்கோட்டைக் கடைவீதிக்குள் பாய்மரப் படகு நுழைந்தபோது, டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"நீலமேகம், கடல் எந்த பஸ்ல வருது?"

"கடைசி பஸ்ல," என்றான் நீலமேகம். சொல்லும்போதே அழுகை வந்தது.

திலகரின் பட்டறையில் வேலை தொடங்கியது. எங்கே தொடங்குவது என்பதுதான் தெரியவில்லை! முதல் நாள் ஆட்டுப் புழுக்கையை அள்ளினார்கள். இரண்டாம் நாள் பாய்மரத்தின் குழாய்க்குள்ளிருந்து குளவிகள் புறப்பட்டு வந்து மூவரையும் தனித்தனியாக விசாரித்தன. மூன்றாம் நாள், வீங்கிய முகத்தோடு, படகின் அடிவயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். பதினொரு ஓட்டைகள்! லாரி பம்பருக்கு வைத்திருந்த பைபர் துணியையும் பசையையும் குழைத்துத் திலகர் அடைத்தான். அடைத்து முடித்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது பன்னிரண்டாவது ஓட்டையில் ஒழுகியது.

படகின் நடுவே கீழே இறக்கித் தூக்கும் பலகை ஒன்று இருந்தது. பாயில் காற்று விழும்போது படகு சாயாமல் பிடித்துக்கொள்வது அதுதானாம். கை வைத்தவுடன் பொடியாக உதிர்ந்தது. ஒரு பழைய கடைப் பெயர்ப்பலகையை அறுத்து அதன் இடத்தில் பொருத்தினார்கள். 'அசல் நல்லெண்ணெய்' என்ற எழுத்துகள் தண்ணீருக்கடியில்தானே இருக்கப் போகின்றன, யார் படிக்கப் போகிறார்கள்?

பாய்தான் பெரிய இடியாக இறங்கியது. எலி தின்றது போக மிஞ்சியதில் ஒரு தலையணை உறைகூடத் தைக்க முடியாது.

"புதுசு கிடைக்கணும்னா ஒரு மாசம் ஆகுமாம்," என்று போனை வைத்தாள் செண்பகவல்லி. "நமக்கு இருக்கறது அஞ்சு நாள்."

நீலமேகம் தலையைப் பிடித்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்தான். எதிரே சுருட்டிக் கிடந்தது, தேதியைத் தப்பாக அடித்ததால் கல்யாண வீட்டார் திருப்பி எறிந்த பேனர். நல்ல கனமான பிளக்ஸ்! பழைய பாயை மேலே விரித்து அளவெடுத்து வெட்டினார்கள். பெயர்களும் தப்பான தேதியும் வெட்டில் போயின. மிஞ்சியவை இரண்டு பெரிய ரோஜாப்பூக்கள், ஒரு குத்துவிளக்கு, 'வருக! வருக!'

பதினான்காம் நாள் காலை முள்ளிக்காயலுக்குத் திரும்பினார்கள். பழைய ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் காயலுக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. டிரெய்லரைப் பின்பக்கமாக அதில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் இரண்டு கருங்கல்லை முட்டுக் கொடுத்தான் திலகர். நேரே எதிரே, வெகுதூரத்தில், வெள்ளைக் கோடாக மணல்திட்டு. அதன் நடுவே தீக்குச்சி நட்டது போல் ஒரு கம்பம்!

"போட்டோ எடுப்போம். பாயை ஏத்துங்க!" என்றாள் செண்பகவல்லி.

பாய் ஏறியது. ரோஜாப்பூக்கள் கரைக்காற்றில் படபடத்தன.

"பூஜை போடாம வண்டியை எடுக்கக்கூடாது," என்றான் திலகர். பதினெட்டு வருடப் பட்டறை வாழ்க்கையில், பூஜை போடாமல் ஒரு மாட்டுவண்டிகூட அவன் வாசலைத் தாண்டியதில்லை. சந்தனம் வைத்தான், குங்குமம் வைத்தான். கற்பூரத் தட்டோடு மூன்று முறை சுற்றிவர வழி வேண்டுமென்று குட்டி யானையைக் கழற்றி ஓரமாக விடச் சொன்னான். தேங்காய் உடைக்க நீலமேகம் படகின் மூக்கில் ஏறி நின்றான்.

கடைசியாக எலுமிச்சம்பழம். சக்கரத்துக்கு ஒன்று.

"இந்தக் கல்லு இடைஞ்சலா இருக்கே," என்றான் திலகர்.

இடப்பக்கக் கல்லை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தான். வலப்பக்கக் கல்லை எடுத்துவிட்டுப் பழத்தை வைத்தான். பிறகு இரண்டடி தள்ளி நின்று பக்தியோடு கைகூப்பினான்.

பச்! பச்!

டிரெய்லர் சரிவில் உருண்டது!

"திலகா! பிடிடா!"

"எதைடா பிடிக்க!"

சக்கரங்கள் தண்ணீரில் இறங்கின. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, டிரெய்லரை விட்டு வழுக்கி மிதந்தது. கரைக்காற்று 'வருக! வருக!'வை உப்ப வைத்தது. அவ்வளவுதான்! கையில் உடைக்காத தேங்காயோடு நீலமேகம் கடல்பயணம் போய்க்கொண்டிருந்தான்.

"அண்ணே! சுக்கானைப் பிடி!" செண்பகவல்லி கரையோரமாக ஓடினாள்.

அவன் பின்பக்கம் தவழ்ந்துபோய்ச் சுக்கானைப் பிடித்தான். இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போனது. வலப்பக்கம் தள்ளினால் எங்கே போகலாம் என்று அதுவே யோசித்தது. பாயை இறக்கக் கயிற்றை இழுத்தான். பாய் இன்னும் இறுகியது. பதின்மூன்றாவது ஓட்டை ஒன்று காலடியில் கண்விழித்தது. போன் அடித்தது.

"நீலமேகம், பயப்படாதே," என்றான் திலகர் போனில்.

"நீ பயப்படறியா?"

"ஆமாம்."

"அப்ப வை!"

கரை சிறுத்துக்கொண்டே போனது. செண்பகவல்லி குண்டூசித் தலை ஆனாள். எண்ணெய் தடவிய மலைப்பாம்பைக் கட்டிக்கொள்வது போல நீலமேகம் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டான். இதுவரை கும்பிட்ட சாமிகளைக் கும்பிட்டு முடித்து, அறிமுகமில்லாத சாமிகளிடம் போனான். டிரெய்லர் மட்டும் போதுமென்று நான்காவது முறையும் சொல்லியிருக்கலாமே!

கர்ர்ரக்!

அடியில் எதுவோ உரசியது. படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

"காப்பாத்துங்க! மூழ்குது! யாராவது காப்பாத்துங்க!"

"ஏய்யா இப்படிக் கத்துற? மீனெல்லாம் ஓடுதுல்ல."

கண்ணைத் திறந்தான். காதுவரை துணி சுற்றி, தோளில் கடற்பாசிச் சாக்கோடு ஒரு பெண் அவனைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஆமாம், நின்றுகொண்டிருந்தாள்! தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்திருந்தது.

"அக்கா... ஆழம்?"

"இதுதான் ஆழம். இங்கேருந்து கரைவரைக்கும் இதேதான். நான் பாசி எடுக்க நடந்துதானே வந்தேன்." அவள் பெயர் இருளாயி. பாயை அண்ணாந்து பார்த்தாள். "யாருக்கு கல்யாணம்?"

நீலமேகம் பாயைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான். தேங்காயை அவள் கையில் கொடுத்துவிட்டு, மெதுவாகக் காலைத் தண்ணீரில் வைத்தான். நின்றது. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் அவன் மரணபயத்தோடு கடந்து வந்தது, ஊரே முளைப்பாரி ஊர்வலம் போகக்கூடிய தண்ணீர்!

அரைமணி நேரத்தில் திலகரும் செண்பகவல்லியும் மண்வெட்டியோடு நடந்தே வந்து சேர்ந்தார்கள். மணல்திட்டு எதிரே ஐம்பது அடியில். கம்பத்தின் அடியில் தோண்டினார்கள். மூன்றாவது அடியில் டங் என்று சத்தம்!

"இரும்புப் பெட்டி!"

துரு தின்ற பெட்டி. தூக்கியவுடனே மூடி திலகரின் கையோடு வந்துவிட்டது. மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன. உள்ளே தங்கம் இல்லை, முத்து இல்லை. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஒரு பால் பாத்திரம். இரண்டு எவர்சில்வர் டம்ளர். கல்லாய்ப் போன காப்பித்தூள். பாலிதீன் உறைக்குள் ஒரு கடிதம். ஒட்டவும் இல்லை, மடிக்கவும் இல்லை. படிக்கக்கூடாது என்று நினைப்பதற்குள் கண் படித்துவிட்டது.

'பிலோ, வந்தது நீயாக இருந்தால் ஸ்டவ்வைப் பற்றவை. இடம் அழகு என்று ஒத்துக்கொள்.

வந்தது அவள் அனுப்பிய ஆளாக இருந்தால், ஐயா, வணக்கம். சிரமத்துக்கு மன்னிக்கவும். பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, போய் அவளைக் கூட்டிவாருங்கள். ஆழம் முழங்கால்தான். முப்பது வருஷம் சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. - ஸ்டீபன்'

திலகர் மூடியைத் திரும்பப் பெட்டியின்மேல் வைத்தான், தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துவது போல.

படகைக் கரைக்கு இழுத்து வந்து கட்டிவிட்டு, ஈரத் துணியோடு மூவரும் டீச்சர் வீட்டு வாசலில் நின்றார்கள். உள்ளே சாமான்களெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன.

"பெட்டி எங்கே?" என்றார் டீச்சர்.

"அங்கேயே இருக்கு," என்றான் நீலமேகம்.

"தோண்டலையா?"

"தோண்டினோம். அப்படியே வச்சுட்டு வந்துட்டோம்."

டீச்சரின் முகம் இறுகியது. "திருடிட்டீங்களா?"

நீலமேகம் தலையைச் சொறிந்தான். உண்மையைச் சொன்னால் ஸ்டீபன் சாரின் பெட்டியைத் தானே காலி செய்த மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் திருடன். செண்பகவல்லிதான் முன்னால் வந்தாள்.

"டீச்சர், சார் உங்களைத்தான் வரச் சொல்லியிருக்காரு. ஆழம் முழங்கால்தானாம்."

"முழங்காலாம்! ஒவ்வொரு தடவையும் படகைக் கவுத்துட்டுத் தலையிலேருந்து கால்வரைக்கும் சொட்டச் சொட்ட வருவாரு. முழங்கால்னு சொன்னா எவ நம்புவா?"

"எங்களைப் பாருங்க," என்றாள் செண்பகவல்லி. மூவருக்கும் முழங்காலுக்கு மேல் துணி காய்ந்திருந்தது. நீலமேகத்துக்கு மட்டும் கண்ணோரமும் ஈரம்.

டீச்சர் வெகுநேரம் அந்த ஈரக் கோட்டையே பார்த்தார். பிறகு குடையை எடுத்து, காலையில் கிளம்பத் தோதாகக் கதவில் மாட்டினார்.

"அப்படியே கொஞ்சம் காப்பித்தூளும் பாலும் எடுத்துக்கங்க. மண்ணெண்ணெய் இருந்தா அதுவும்," என்றாள் செண்பகவல்லி.

"எதுக்கு?"

"எனக்குத் தலைவலி டீச்சர்."

மறுநாள் காலை பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, படகில் டீச்சரை உட்கார வைத்து, பசுமாட்டை ஓட்டிப் போவது போலக் கயிற்றைப் பிடித்து மூவரும் முழங்கால் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் இரண்டு கையாலும் குடையைப் பிடித்திருந்தார். திட்டில் இறக்கிவிட்டு, மூவரும் படகின் மறுபக்கம் போய், பதின்மூன்றாவது ஓட்டையை மிகுந்த அக்கறையோடு அடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலிதீன் உறை சரசரத்தது. கொஞ்சம் கழித்து ஸ்டவ் பம்ப் அடிக்கும் சத்தம். அப்புறம் காப்பி வாசம்.

"தம்பி, டம்ளர் ரெண்டுதான் இருக்கு," என்று குரல் கொடுத்தார் டீச்சர். "ஒண்ணு அவரோடது. நீங்க மூணு பேரும் மாத்தி மாத்திக் குடிங்க."

மத்தியானம் காற்று திரும்பியது. இப்போது கடலிலிருந்து கரைக்கு! டீச்சர் மூக்கை உயர்த்திப் பார்த்தார். நேராகப் போய்ப் படகில் ஏறி, சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பாயை ஏத்து தம்பி. அந்தக் கயிறில்லை, மஞ்சக் கயிறு. பலகையைப் பாதி இறக்கு."

"டீச்சர்! உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"சாப்பாட்டு மேசையில கரண்டியைச் சுக்கான்னும் அப்பளத்தைப் பாய்னும் வச்சு முப்பது வருஷம் பாடம் எடுத்தாரே! தள்ளி விடு!"

தள்ளிவிட்டார்கள். ரோஜாப்பூக்கள் விரிந்தன. மூவரும் ஏறலாமென்று காலைத் தூக்குவதற்குள் படகு பத்தடி போய்விட்டது, இருபதடி போய்விட்டது!

"டீச்சர்! நாங்க?"

"முழங்கால்தானே! நடந்து வாங்க!"

கரையில் பாசி காயப்போட்டுக்கொண்டிருந்த இருளாயியும் மற்ற பெண்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 'வருக! வருக!' என்று முழங்கியபடி படகு அவர்களை நோக்கிப் பாய்ந்தது. பின்னால், வெகுதூரத்தில், தலையில் ஸ்டவ்வும் பெட்டியும் இரண்டு டம்ளரும் சுமந்து, சாகச வீரர்கள் மூவரும் தண்ணீரில் நடந்துவந்துகொண்டிருந்தார்கள்.

இரண்டு நாளில் டீச்சர் புனேவுக்குப் போய்விட்டார். டிரெய்லரில் இன்றுவரை ஒரு பேனர் சட்டம்கூட ஏறவில்லை. படகு அதிலிருந்து இறங்கினால்தானே! பட்டறைக்குள் இரண்டு கருங்கற்களுக்கு இடையே பத்திரமாக நிற்கிறது. கற்களுக்குத் திலகர் தினமும் சந்தனம் வைக்கிறான்.

போன வாரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது.

"பரீட்சை லீவுக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிட்டு வர்றேன். படகைத் தயாரா வை. மூணு டம்ளர் சேர்த்து வாங்கி வை," என்றார். போனை வைக்கப்போனவர் திரும்பப் பேசினார். "பூஜை போடுங்க, வேண்டாங்கலை. ஆனா கல்லை எடுக்காம போடுங்க."