மேலே ஒட்டிய முகம்

"யா அல்லாஹ்...!"

பேக் கடையின் பரணிலிருந்து கிளம்பிய அந்த அலறலில் தாராவியின் தோல் பட்டறைச் சந்தே ஸ்தம்பித்தது.

தோல் மூட்டைகளுக்கு நடுவே அப்ரார் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் ஒரு சுத்தியல்!

அலறியவள் நுஸ்ரத். மன்சூர் அலியின் பேக் கடையில் தினமும் லைவ் வீடியோவுக்குக் கேமராவும் லேப்டாப்பும் பார்க்கிற ஆபரேட்டர். செத்தவன் மன்சூரின் பார்ட்னர்.

எஸ்.ஐ. ஸ்ரீலேகா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினாள். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் வளர்ந்தவள். தமிழ்க் கேஸ் என்றால் ஸ்டேஷனில் அவள் தலையில்தான் கட்டுவார்கள்.

"பக்கத்துப் பட்டறைக்காரரை விசாரிச்சேன். மதியம் ஒரு தடவை கரண்ட் டிம்மாச்சாம். அதே நேரத்துல மேல ஏதோ தொப்புனு விழுந்த சத்தம். அப்போ கடைக்குள்ள யாரு?"

"நானும் இவளும்தான். ஷட்டரை இறக்கிட்டு லைவ் ஓடிட்டிருந்துச்சு," என்றார் மன்சூர் அலி. "ரெண்டாயிரம் பேரு என் மூஞ்சியைப் பாத்திருக்காவ மேடம்! லைட்டு கண்ணுல அடிக்கதுல கேமராவுக்குப் பின்னால நடக்குறது எதுவும் எனக்குத் தெரியாது. முடிச்சிட்டு தொழுகைக்குப் போனேன். திரும்பி வந்தா இவ அலறுதா. கேமராவுக்கு முன்னால இல்லாதது இவ ஒருத்திதான்!"

"வாயை அடக்கும்!" நுஸ்ரத் சீறினாள். "காலையில அப்ரார் சட்டையைப் பிடிச்சு உலுக்குனது யாரு? ஆர்டர் எல்லாம் எங்கல போவுதுன்னு கத்துனது யாரு?"

"ரெண்டு மாசமா ஒரு ஆர்டர் இல்ல. கேட்டா கொலைகாரனா?"

"மேடம், இவர் சொல்றது ஏக்தம் ஜூட், சுத்தப் பொய்! இங்க பாருங்க..."

லேப்டாப்பைத் திருப்பினாள். மதிய லைவின் ரெக்கார்டிங்.

"லைவ் நடத்துற இந்த சாஃப்ட்வேர்ல ஒரு வீடியோ மேல இன்னொரு வீடியோவை வைக்கலாம். கீழ இருக்கது இப்போ நடக்குற ரூம். மேல இருக்கது இவரு முன்னாடியே எடுத்து வெச்ச வீடியோ. அதுல இவரு உருவத்தை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை மறைச்சிரலாம். மாஸ்க்னு பேரு. பாக்குறவங்களுக்கு இவரு ரூமுக்குள்ளயே இருக்க மாதிரி தெரியும்!"

"அப்படித்தான் பண்ணாருன்னு என்ன ஆதாரம்?"

"கரண்ட் டிம்மாகுற இடத்தைப் பாருங்க!"

பார்த்தாள்.

சுவர் இருண்டது. மேஜை இருண்டது. பைகள் இருண்டன.

மன்சூர் அலியின் முகம் மட்டும்... பளிச்சென்று அப்படியே!

"பொய்! நான் அங்கதான் இருந்தேன்!" மன்சூர் கதறினார்.

"லைவ் போன கடைப் பேஜ்ல இருந்த வீடியோ எங்கே?" ஸ்ரீலேகா கேட்டாள்.

"இவரே டெலீட் பண்ணிட்டாரு மேடம்."

மன்சூரின் கையில் விலங்கு விழுந்தது. ஜீப் வரை நடப்பதற்குள் அவர் முதுகில் நாலைந்து பேர் அடித்தார்கள். ஸ்ரீலேகா தடுத்தாள்... ஆனால் அவசரப்படவில்லை.

ஸ்டேஷனில் ரெக்கார்டிங்கை மறுபடி ஓடவிட்டாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

வீடியோவில் மன்சூர் சொல்கிறார்: "செம்பூர் மாரீஸ்வரி அக்கா, பச்சை கேட்டியளா? இந்தா பாருங்க!"

"நாகராஜ்! முன்னாடியே எடுத்த வீடியோன்னா, இன்னிக்கு ஒருத்தி பச்சை கேப்பான்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

ஹவல்தார் நாகராஜ் தலையைச் சொறிந்தார். "ஆள் செட் பண்ணியிருப்பாரோ மேடம்?"

"அந்த மாரீஸ்வரியைப் பிடிங்க!"

பிடித்தார்கள். செம்பூரிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள், போனும் கையுமாக.

"எம் பேரை லைவ்ல சொன்னாவளா... நாத்தனாகிட்ட காட்டணும்னு போன்லயே ரெக்கார்ட் பண்ணிட்டேன். தப்பா மேடம்?"

"குடும்மா இப்படி!"

கரண்ட் டிம்மாகும் இடம்.

சுவர் இருண்டது. மேஜை இருண்டது.

மன்சூரின் முகமும் இருண்டது!

உண்மையாகவே அந்த மனுஷன் அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் வாங்கிய அடிகள் ஞாபகம் வர, ஸ்ரீலேகா முதலில் விலங்கைக் கழற்றச் சொன்னாள். போனை மேஜையில் வைக்கப் போனவளின் கண்ணில் இன்னொன்று பட்டது... மன்சூரின் தலைக்குப் பின்னால் ஆர்டருக்கான போன் நம்பர் எழுதிய போர்டு.

அடுத்த பத்தாவது நிமிஷம் கடையில் இருந்தாள். நுஸ்ரத் பையை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றாள்.

"நான் போகலாமா மேடம்?"

ஸ்ரீலேகா உள்ளே நுழைந்தாள். சுவரிலிருந்த போர்டைப் பார்த்தாள். மாரீஸ்வரியின் போனிலிருந்த வீடியோவைப் பார்த்தாள். அதே போர்டு... வேறு நம்பர்!

வீடியோவிலிருந்த நம்பருக்கு டயல் செய்தாள்.

நுஸ்ரத்தின் பைக்குள் ரிங்டோன் அலறியது!

"எடு. பச்சை பேக் ஒண்ணு ஆர்டர் பண்ணணும்."

நுஸ்ரத்தின் உதடு வெளுத்தது.

"லைவ்ல நம்பர் மேல உன் நம்பரை ஒட்டி ஆர்டரைத் திருடின. அப்ரார் கண்டுபிடிச்சான். கேமரா தானா ஓடிட்டிருக்க, மேல போய் அடிச்சே. மன்சூர் தொழுகைக்குப் போன நேரத்துல, ரெக்கார்டிங்ல கரண்ட் டிம்மாகுற இடத்துல அவர் முகத்து மேல வேற இடத்துல இருந்து எடுத்த வெளிச்சமான முகத்தை ஒட்டின. பேஜ்ல இருந்த வீடியோவை அழிச்சதும் நீதான்!"

"மன்சூர்கிட்ட சொல்லிருவேன்னான்..." நுஸ்ரத்தின் கண்ணில் கண்ணீர் இல்லை, வெறி இருந்தது. "அந்த ஆர்டரை வெச்சே ஓடுற எங்க அண்ணன் கடை மாஹிம்ல என்னாகும்? கால்ல விழுந்தேன். தள்ளிவிட்டான். சாவட்டும்!"

ஸ்ரீலேகா விலங்கு மாட்டினாள். ஷட்டருக்கு வெளியே கூட்டம்... எல்லார் கையிலும் மொபைல்!

நுஸ்ரத் பின்வாங்கினாள். "மேடம்... எல்லாரும் லைவ் போடுதாவ. பின்பக்கமா கூட்டிட்டுப் போங்க, ப்ளீஸ்..."

ஸ்ரீலேகா ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள்.

"நிமிர்ந்து நட! இந்த லைவுக்கு ஆபரேட்டர் நீ இல்லை!"