ஊர்க்கணக்கில் ஒருத்தி

நான்காம் நாள் சாயங்காலம் லாஸ்யா மாமியார் லட்சுமியம்மாளுக்குக் குரல்பதிவு அனுப்ப மறந்துபோனாள். மறந்தது அவள் தப்புதான், அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் விடுதிக்குத் திரும்பியதும் பதறியடித்துப் போன் செய்தபோது, லட்சுமியம்மாள் கொஞ்சம்கூடக் கோபப்படாமல், "நீதான் விளக்கு வெக்கறப்பவே சொல்லிப்போட்டியே கண்ணு" என்றாள்.

லாஸ்யா போனைத் திருப்பிப் பார்த்தாள். முதல் மூன்று நாள் அனுப்பிய குரல்பதிவுகள் வரிசையாக இருந்தன. நான்காவது இல்லை. அந்த நேரத்தில் அவள் வியட்நாமில் ஓர் ஆற்றின் நடுவில், புருஷன் பவனின் தோளில் சாய்ந்துகொண்டு, தண்ணீரில் மிதந்துபோகும் காகித விளக்குகளைப் பார்த்தபடி படகில் உட்கார்ந்திருந்தாள். எப்படிங்கத்தை சொன்னேன் என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்லுவாங்க, வாயாலதான்" என்று லட்சுமியம்மாள் சிரித்தாள். அடுப்பில் பால் பொங்குகிறது, வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

ஏன் தினமும் குரல் அனுப்ப வேண்டும் என்றால், அதைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது பவனின் ஊர். மாரியம்மன் நோம்பிக்குக் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அன்றைக்கு ராத்திரி ஊருக்குள் இருந்தவர்கள் யாரும் அந்தக் கம்பத்தைப் பிடுங்குகிறவரை வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். அமெரிக்கா போய் வந்தவன்கூட அந்த ஊரில் இதற்கு மட்டும் மறுபேச்சுப் பேசுவதில்லை. வெளியூர்ப் பயணம் இருப்பவர்கள் கம்பம் நடுவதற்கு முன்பே கிளம்பிப் போய்விடுவார்கள்.

லாஸ்யாவும் அப்படித்தான் முன்னதாகவே அவிநாசியிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போய், அங்கிருந்து விமானம் ஏறுவதாக ஏற்பாடு. இரண்டரை வருஷம் தள்ளிப்போன தேனிலவு அது. கல்யாணமான மாதமே டிக்கெட் போட்டார்கள். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது மாமனார் சீனிவாசலு கை கால் விழுந்து படுத்தார். ஒன்றரை வருஷம் படுக்கை, அப்புறம் சாவு, அப்புறம் ஒரு வருஷத்துக்கு எந்த நல்லதும் கூடாது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது வயிற்றில் ஆறு மாதம். டாக்டர் போகலாம் என்றார். பவன்தான் வேண்டாம், குழந்தை பிறக்கட்டும் என்று இரண்டு தடவை சொன்னான். பிறந்தால் அப்புறம் எங்கே போவது, அதற்கும் ஒரு காரணம் வந்துவிடும் என்று லாஸ்யா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அடம் பிடித்தது அவள்தான். பின்னால் எத்தனை யோசித்தும் அந்தப் பழியை வேறு யார் தலையிலும் போட அவளுக்கு வழி கிடைக்கவில்லை.

கம்பம் நடுகிற அன்று மத்தியானம் அவளுக்கு இடுப்பு வலி. கொஞ்சம் கண்ணசரலாம் என்று படுத்தவள், தப்பட்டைச் சத்தம் கேட்டுத்தான் எழுந்தாள். வெளியே இருட்டியிருந்தது. கம்பம் நட்டாகிவிட்டது. பவன் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் கம்பெனியில் ராத்திரி வேலையில் இருந்தான், அதனால் ஊர்க்கணக்கில் அவன் இல்லை. அவள் இருந்தாள். லட்சுமியம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண் கலங்கினாள். வயிற்றுப்பிள்ளைக்காரி தூங்குகிறாள், எழுப்ப மனசு வரவில்லை, எல்லாம் என் தப்பு என்று புலம்பினாள். ராத்திரி முழுக்க யோசித்து, விடிகாலையில் அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"உடுத்துன சேலை ஒண்ணைத் துவைக்காம கட்டில்ல விரிச்சு வெச்சுட்டுப் போ கண்ணு. வேளாவேளைக்கு உனக்குச் சோறு போட்டு வெக்கறேன். ஆனா துணி மட்டும் இருந்தாப் பத்தாது. தெனமும் விளக்கு வெக்கறப்ப, நான் ஊட்டுலதான் இருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லோணும். உன் சத்தம் அந்த ரூமுக்குள்ள விழுகோணும்."

மருமகளின் ஆசைக்காக மாரியாத்தாளையே ஏய்க்கத் துணிந்த மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்? அப்பேர்ப்பட்டவளுக்கு லாஸ்யா செய்த கைம்மாறு இது: விமான நிலையத்தில் காப்பி குடித்துக்கொண்டே, "அத்தை, நான் ஊட்டுலதானுங்க இருக்கேன்" என்று ஒரே ஒரு தடவை போனில் பேசிப் பதிந்துகொண்டாள். தினமும் அதையே அனுப்பினாள். லட்சுமியம்மாள் போனைத் தலையணைப் பக்கத்தில் வைத்து அதை ஓடவிடுவாள். நாளைக்கு ஒரு தடவை வாய் திறந்து சொல்ல இவளுக்கு என்ன கேடு? ஒரு கேடும் இல்லை. ஊர் சுற்றுகிற சந்தோஷத்தில் சோம்பல், அவ்வளவுதான்.

அந்த நான்காம் நாள் ராத்திரி, அம்மா பழசையே போட்டுக் கேட்டிருப்பாங்க என்று சொல்லிவிட்டுப் பவன் தூங்கிப்போனான். லாஸ்யா தூங்கவில்லை. ஏ.சி.யின் முனகலையும், ஜன்னலுக்கு வெளியே ஓய்ந்து ஓய்ந்து வரும் ஸ்கூட்டர் சத்தங்களையும், யாரோ கடைசிப் படகைக் கரையில் இழுத்துக் கட்டுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவளுக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. வயிற்றில் குழந்தை அசையவில்லை. இப்போது இல்லை சரி, கடைசியாக எப்போது அசைந்தது? காலையிலா? நேற்றா? அவளுக்குத் தெரியவில்லை. படகு, பட்டுக்கடை, போட்டோ என்று நான்கு நாளாக அவள் தன் வயிற்றில் கை வைத்துப் பார்க்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் சுடிதார் நாடாவை ஒரு சுற்று இறுக்கிக் கட்ட வேண்டியிருந்தது. இந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்காமல் இளைத்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜில்லென்று பழச்சாறு குடித்துவிட்டு இடது பக்கமாகப் படுத்தாள். அப்படிச் செய்தால் குழந்தை அசையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரை மணி. ஒரு மணி. ஒன்றும் இல்லை. பவனிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் நான் அப்பவே சொன்னேன் என்று அவன் சொல்லக்கூட மாட்டான், பேசாமல் பார்ப்பான், அதுதான் தாங்காது. ராத்திரி விமானம், விடிந்தால் ஊர், போனதும் ஆஸ்பத்திரி என்று வாயை மூடிக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, பழைய பதிவை அனுப்பப் பயந்து, புதிதாகவே பேசி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் லட்சுமியம்மாளின் பதில் வந்தது.

"ரூமுக்குள்ள இருந்துட்டு எதுக்கு கண்ணு போன்ல பேசறே? கூப்பிட்டா வாரனே. பையன் என்னமா ஒதைக்கறான் போ, கை வெச்ச எடத்துல துள்றான்."

அந்தக் குரலுக்குப் பின்னால் மின்விசிறி ஓடியது. அவர்கள் அறை மின்விசிறிதான், மூன்று சுற்றுக்கு ஒரு தடவை டக்கென்னும். அதற்கும் பின்னால், வயிறு கனத்தவள் புரண்டு படுக்கும்போது வாங்குகிற மூச்சு ஒன்று, இழுத்து, நின்று, மெதுவாக வெளியே வந்தது. லாஸ்யா அதை ஏழெட்டு தடவை போட்டுக் கேட்டாள். அதற்கப்புறம் அத்தைக்கு எத்தனை தடவை போன் செய்தும் எடுக்கவில்லை.

காலை பத்தரைக்குக் கோவையில் இறங்கினார்கள். பொள்ளாச்சி ரோட்டுக்குக் காரில் போகிற வழியில், அவள் மாதாமாதம் காட்டுகிற ஆஸ்பத்திரி வந்தது. நிறுத்துங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? குழந்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்றா? அவளுக்குள் அது உறுதியாகிவிட்டது. முதலில் வீட்டுக்குப் போக வேண்டும், அந்தச் சேலையைக் கட்டிலிலிருந்து எடுக்க வேண்டும், அத்தை காலில் விழ வேண்டும், எல்லாம் சரியாகிவிடும். நாடாவை விமானத்தில் இன்னும் இரண்டு தடவை இறுக்கியிருந்தாள். கைப்பையை மடியில் வைத்து வயிற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூக்கமில்லையா, ஏன் இப்படி இருக்கே என்று பவன் கேட்டதற்கு, ஆமாங்க என்றாள்.

ஊர் முகப்பில் மாவிளக்கு ஊர்வலம் வழியை அடைத்திருந்தது. மரத்தடியில் காரை நிறுத்திப் பெட்டிகளோடு வருகிறேன், நீ மெதுவாக நட என்றான் பவன். உச்சி வெயில். தப்பட்டைச் சத்தம் நெஞ்சுக்குள் வந்து விழுந்தது. மஞ்சள் சேலைகளும் வேப்பிலையும் நெய் வாசனையும் அவளை உரசிக்கொண்டு எதிர்த்திசையில் போயின. அந்தக் கூட்டத்தில் பழனியாத்தாள் வந்தாள், அவர்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள்.

"ஏனுங்கம்மணி, இப்பத்தான உங்களுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்திப்போட்டு வாரேன், அதுக்குள்ள எப்படி..." என்றவளின் பார்வை லாஸ்யாவின் முகத்திலிருந்து இறங்கி வயிற்றில் வந்து நின்றது. கைப்பை விலகியிருந்தது. பழனியாத்தாள் தட்டிலிருந்த விளக்கை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விட்டாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. கூடத்தில் மஞ்சள் தண்ணீரும் சாம்பிராணியும் மணத்தன. அதற்கடியில், தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் இன்னொரு வாசனை இருந்தது, சீயக்காயும் தலைக்கு வைக்கிற எண்ணெயும் கொஞ்சம் வேர்வையும் கலந்தது. அது தன்னுடைய வாசனை என்று புரிய லாஸ்யாவுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஐந்து நாள் விடுதிச் சோப்பில் குளித்து, அவள் உடம்பில் அது இல்லாமல் போயிருந்தது.

குளியலறையிலிருந்து அறைவரைக்கும் ஈரக் காலடிகள். பாதங்களை அகட்டி வைத்து, நிதானமாக, அவசரமே இல்லாமல் நடந்து போன காலடிகள். பிடித்து நடந்த சுவரில் ஈரக் கை பதிந்திருந்தது. இன்னும் காயவில்லை. தப்பட்டைச் சத்தம் கோயில் பக்கம் தள்ளிப் போயிற்று. இப்போது மின்விசிறி கேட்டது. டக். லாஸ்யா ஈரத்தை மிதிக்காமல் நடந்தாள். ஏன் மிதிக்கப் பயந்தாள் என்று அவளுக்கே தெரியாது. டக்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. லட்சுமியம்மாள் கட்டில் ஓரத்தில், கையில் சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினாள். அக்கம்பக்கத்திலிருந்து வந்த பெண்ணைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்தாள்.

"வாங்க அம்மணி. மெதுவாப் பேசுங்க, மருமக இப்பத்தான் கண்ணசந்தா."

அம்மணி. வாங்க. இரண்டரை வருஷத்தில் லட்சுமியம்மாள் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. லாஸ்யா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நாந்தானுங்கத்தை லாஸ்யா. தப்புப் பண்ணிப்போட்டேன். ஒரே ஒரு தடவைதான் பேசுனேன், அதையேதான் தெனமும் அனுப்புனேன். எம் புள்ளையைக் குடுத்துருங்கத்தை."

லட்சுமியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் ஒட்டிக் கிடந்த வயிற்றைப் பார்த்தாள். கோபம் இல்லை, பயம் இல்லை. பாவம் என்று மட்டும் பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னும் ஒண்ணும் இல்லீங்களா? தொட்டுப் பாருங்க. தொட்டாச் சீக்கிரம் தங்கும்."

கட்டிலில், அவள் விரித்துவிட்டுப் போன பச்சைச் சேலை. தலையோடு இழுத்து மூடியிருந்தது. உள்ளே ஒருத்தி. ஈரக் கூந்தல் மட்டும் வெளியே, கட்டில் விளிம்பில். சொட்டியது. வயிறு எழுந்து நின்றது. ஆறு மாத வயிறு இல்லை. எட்டு. ஒன்பது. ஏறியது. இறங்கியது.

லாஸ்யா முட்டி போட்டாள். கையை நீட்டினாள். வைத்தாள்.

சூடு.

உள்ளிருந்து ஓர் உதை. இரண்டு நாளாக அவள் காத்துக் கிடந்த உதை. மறுபடி ஒன்று. கையை நகர்த்தினாள், அங்கேயும் வந்தது. அவள் உள்ளங்கையைத் தேடித் தேடி வந்தது. அம்மா என்று அதற்குத் தெரிந்திருந்தது. லாஸ்யா அழுதாள், சிரித்தாள், வந்துட்டேன் சாமி, அம்மா வந்துட்டேன் என்றாள். வெளியே வாசலில் பவன் பெட்டிகளை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

சேலை அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவள் கை மாதிரியே. அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தது, வலிக்காமல், குழந்தை விழித்துவிடாமல் எடுப்பதுபோல. வயிற்றிலிருந்து தூக்கியது. கொண்டுவந்தது. லாஸ்யாவின் தட்டை வயிற்றின்மேல் வைத்து, அங்கேயே இருக்கட்டும் என்பதுபோல, இரண்டு தடவை தட்டிக்கொடுத்தது.