குசினிக்காரியின் முறை

பேசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணி. ஜெயனிக்குக் கண் எரிந்தது. முதல்நாள் இரவு டியூட்டி முடிந்தும் மாற்றாள் வராததால், தாதியான அவள் பகல் பன்னிரண்டு மணிவரை ஆஸ்பத்திரியின் அதே வார்ட்டில் நின்றிருந்தாள். பால் விடாத ஒரு பிளேன்ரீயைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். கணவன் வேலைக்குக் கட்டாருக்குப் போய் நான்கு வருடம். ஆளில்லாத வீட்டில் எவ்வளவு படுத்தாலும் களைப்பு மட்டும் போவதில்லை.

"சும்மா வந்து ஒரு ஆட்டம் இருந்து பாருங்கோ அக்கா. பிடிக்கேல்லயெண்டால் எழும்பிப் போவம்," என்றாள் கூட வந்த இர்ஷானா. சிலாவத்துறைக்காரி, அதே ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை.

கடலைப் பார்த்த பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர் எல்லாரும் கனடாவில். அந்தக் குடும்பத்துப் பிள்ளையான பள்ளிக்கூட வாத்தியார் றெனால்ட், ஆட்டத்துக்காகச் சனிக்கிழமைகளில் மட்டும் வந்து திறப்பான். கதவைத் தாண்டியதும் பூட்டிக் கிடந்த வீட்டின் மர வாசமும் வௌவால் எச்சத்தின் நெடியும் மூக்கில் ஏறின. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓடுகளுக்கிடையே புகுந்து மெல்ல முனகியது. சமையற்கட்டான பின்பக்கக் குசினிக்குப் போகும் கதவில் மட்டும் ஒரு துருப்பிடித்த கொண்டி போட்டிருந்தது.

நடுக்கூடத்து மேசையில் றெனால்ட் கையால் கீறிய கடல் வரைபடம். ஏழு நிலாக்கள் எறிக்கும் கடல்; இல்லாத தீவுகள்; அதன் நடுவே ஒரு கப்பல். றெனால்ட் கதையைச் சொல்லி நடத்துவான். மற்றவர்கள் கப்பலில் ஆளுக்கொரு வேலையை எடுத்து, அந்த ஆளாகவே பேச வேண்டும். எடுத்த காரியம் பலிக்குமா என்பதை இருபது முகமுள்ள ஒரு டைஸ் முடிவுசெய்யும். இர்ஷானா கப்டன் நீலாம்பரி. வங்கியில் வேலை செய்யும் டிலோஜன், சுக்கான் பிடிக்கும் கொம்பன்.

"நீங்கள் மிஸி தானே, வைத்தியரை எடுங்கோவன்," என்றான் டிலோஜன்.

"ஐயோ வேண்டாம். கிழமையில ஏழு நாளும் அதுதான் செய்யிறன்." ஜெயனி வேலைகள் எழுதிய தாளில் விரலை ஓட்டினாள். கடைசி வரியில் ஒரு வேலை மிஞ்சியிருந்தது. "இந்தக் குசினி வேலை?"

றெனால்ட் சற்றுத் தயங்கினான். "அது... சும்மா எழுதி வைச்சது அக்கா. ஒருத்தரும் எடுக்கிறேல்ல."

"அப்ப எனக்கு அதுதான் சரி. என்ன செய்யவேணும்?"

"ஒவ்வொரு நாளும் விடியேக்க, கப்பலில இருக்கிற ஆக்களைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடவேணும். நீங்கள் கூப்பிட்ட ஆளுக்குத்தான் பலம். கூப்பிடாத ஆள் கப்பலில இல்லாத மாதிரி."

"என்ர பேரை ஆர் கூப்பிடுறது?"

றெனால்ட் டைஸை அவள் பக்கம் தள்ளினான்.

ஆட்டம் தொடங்கியது. புயல் வந்தது, பாய் கிழிந்தது, செட்டை முளைத்த சுறா ஒன்று பாய்மரத்தைச் சுற்றிப் பறந்தது. ஜெயனி கதிரையில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சாகவில்லை, யாருக்கும் ஊசி போடத் தேவையில்லை. அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"விடிஞ்சிட்டுது," என்றான் றெனால்ட். "குசினிக்காரியின்ர முறை."

ஜெயனி பாதி மூடிய கண்ணோடு கூப்பிட்டாள். "நீலாம்பரி, சாப்பிட வாங்கோ. கொம்பன், சாப்பிட வாங்கோ. அமிர்தநாயகம், சாப்பிட வாங்கோ."



"அது ஆர் அக்கா?" என்று இர்ஷானா சிரித்தாள்.

ஜெயனிக்கே தெரியவில்லை. வார்ட்டில் ஏதோ நோயாளியின் பேராக இருக்கும், களைப்பில் வாயில் வந்துவிட்டது என்று சொல்ல நிமிர்ந்தாள். றெனால்ட் அவளையே வெறித்துப் பார்த்தபடி இருந்தான்.

"என்ர சித்தப்பா," என்றான் அவன். "தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குப் பயந்து இந்த வீட்டிலயிருந்துதான் எல்லாரும் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினது. நான் கைக்குழந்தை. வள்ள ஓட்டி எங்களை நடுக்கடல் மணல்திட்டியில இறக்கிப்போட்டுப் போயிட்டான். ரெண்டு நாள். சித்தப்பாதான் எல்லாருக்கும் கஞ்சி காய்ச்சினவர். பிறகு வேற வள்ளம் வந்தது. அப்பா பேர் வாசிச்சு வாசிச்சு ஏத்தினார். சித்தப்பா விறகு பொறுக்க திட்டியின்ர அங்கால முனைக்குப் போயிருந்தவர்."

"அவரின்ர பேர் கூப்பிடேல்லயா?" என்று கேட்டாள் ஜெயனி.

"கஞ்சி குடிச்ச ஆக்களைப் பாத்துத்தான் அப்பா பேர் எழுதினவர். காய்ச்சின ஆளை எழுத மறந்துபோனார். வள்ளம் அவரை விட்டிட்டு வந்திட்டுது." றெனால்ட் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்தான். "சாகும்வரைக்கும் அப்பா அந்தப் பேரை வாயில எடுக்கேல்ல. நானும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல."

காற்று விழுந்துவிட்டது.

ஓடுகளின் முனகலும் நின்றது. அப்போதுதான் அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

குசினிக்குள் ஒரு அகப்பை சட்டியின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சர்... சர்... சர்...

மரத்தின் மக்கல் வாசம் மறைந்து, ஈர விறகின் புகை வந்தது. அதன் பின்னால் கஞ்சியின் வாசம்.

"ஆட்டத்தை நிப்பாட்டுவம்," என்று றெனால்ட் கிசுகிசுத்தான். டிலோஜன் எழுந்தவன், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றான்.

கதவுக்கு அப்பால் சுரண்டல் நின்றது.

"ஜெயனி."

ஆண் குரல். மிகவும் களைத்த குரல்.

"ஜெயனி, நீ இன்னும் சாப்பிடேல்லயோ?"

நான்கு பேரும் கேட்டார்கள். இர்ஷானா "யா அல்லாஹ்" என்று அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதேங்கோ அக்கா. வாய் திறக்காதேங்கோ."

ஜெயனிக்கும் பயம்தான். ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டுப் பல வருடங்கள். கட்டாரிலிருந்து வரும் அழைப்பிலும் அது இல்லை. காலையிலிருந்து எத்தனை பேருக்கு அவள் கரண்டியால் ஊட்டியிருப்பாள்! தொண்டை தானாகவே பதில் சொன்னது.

"இல்லை."

கொண்டி கழன்று விழுந்தது.

றெனால்ட் மறிக்குமுன் அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். குசினி மங்கலாக இருந்தது. அடுப்பில் பல வருடத்துச் சாம்பல், அதில் நெருப்பில்லை. ஆனால் அடுப்படியில் ஆவி பறக்க ஒரு கோப்பை கஞ்சி. அவள் நிலத்தில் குந்தி, இரண்டு கையாலும் அதை எடுத்துக் குடித்தாள். உப்புக் கரித்தது. சூடு வயிற்றில் இறங்கியபோது கண்ணீர் வந்தது. பக்கத்தில் யாரோ முழங்கால் சொடுக்கக் குந்தியிருந்து பார்ப்பதுபோல இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் பஸ்ஸிலிருந்து மன்னார்ப் பாலம் தெரிந்தது. இர்ஷானா அப்போதுதான் சொன்னாள். "உங்கட கையில ஒண்டும் இருக்கேல்ல அக்கா. வெறுங்கையை வாயில வைச்சு உறிஞ்சினீங்கள். தொண்டை மட்டும் ஏறி இறங்கினது."

அன்றிரவு ஜெயனிக்குப் பசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கவில்லை. தேவாலயப் பூசைக்குப் போனாள்; வந்து படுத்தாள்; ஆழ்ந்து தூங்கினாள். இனி அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை, அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

திங்கட்கிழமை காலை வார்ட் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. ஒன்பதாம் கட்டிலில் சிவலட்சுமி என்ற நானாட்டான் ஊர் அம்மா. பத்து மணிக்கு ஒப்பரேசன். ஜெயனி நோயாளித் துண்டுச்சீட்டைப் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா, இரவிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்ல தானே? தண்ணி கூட?"

"கஞ்சி குடிச்சனான், பிள்ளை."

"கஞ்சியோ! ஆர் தந்தது? ஒண்டும் குடுக்கக்கூடாதெண்டு எழுதிக்கிடக்கு!"

அந்த அம்மா அவளை வியப்போடு பார்த்தாள். "உங்களோட வந்தவர்தான். நீங்கள் உள்ள வரேக்க பின்னால வந்தாரே, இடுப்பில கட்டின சாரமெல்லாம் நனைஞ்சு... பேர் சொல்லிக் கூப்பிட்டவர். பாவம், நல்லாக் களைச்சுப்போயிருந்தார்."

ஜெயனி மெல்லத் திரும்பினாள்.

காலைச் சாப்பாட்டு வண்டி சில்லுகள் கிறீச்சிட வார்ட்டுக்குள் வந்து நின்றது. வெதுப்பிய பாணும் பருப்பும் மணத்தன. பதினான்கு கட்டில்களில் பதினான்கு பேரும் கண் விழித்து, வாயைத் துடைத்தபடி சாய்ந்திருந்தார்கள்.

ஒருவரும் கை நீட்டவில்லை.