குழாய்க்குள் கேட்ட தமிழ்

வெயிலில் காய்ந்து மொடமொடத்திருந்த துண்டில், மழையில் நனைந்த பீடியின் வாசனை அடித்தது. மஹாதேவன் முகம் துடைப்பதை நிறுத்திவிட்டு மறுபடி முகர்ந்து பார்த்தார். சந்தேகமே இல்லை.

"காமு, இந்தத் துண்டை யாராவது எடுத்தாளா?"

மனைவி வாங்கி முகர்ந்தாள். "சோப்பு வாசனைதான் வரது. அடிபட்ட தலைக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டேளா?"

மறக்கவில்லை. டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். மழைக்காலத்து விபத்தில் மூளை குலுங்கியிருக்கிறது, ரத்தக்கசிவு இல்லை. தலைசுற்றல், வெளிச்சம் கூசுவது, பெயர்கள் நழுவுவது எல்லாம் மெல்லச் சரியாகும் என்றிருந்தார். பாதி சரியாகவும் ஆயிற்று. லேக் மார்க்கெட் வரை நடந்துபோய் முருங்கைக்காய் வாங்கிவர முடிந்தது. டிராம் மணி இப்போதெல்லாம் மண்டைக்குள் ஆணி அடிப்பதில்லை. ஆனால் மற்றதெல்லாம் விலக விலக, அந்த வாசனை மட்டும் நெருங்கி வந்தது. முதலில் மாடிப்படியில், பிறகு தலையணையில், பிறகு தயிர்சாதத்தில். இப்போது அதனோடு ஒரு மூச்சும் சேர்ந்துகொண்டிருந்தது. இடது காதுக்குப் பின்னால், ஈரமாக, தடைப்பட்டுத் தடைப்பட்டு.

எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது அவருக்குச் சந்தோஷமாகவே இருந்தது. படத்தில் ஒரு புள்ளியாவது தெரியவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். புள்ளி இருந்தால் அது நோய். இல்லாவிட்டால் அது வேலாயுதம்.

வேலாயுதம் அவருடைய ஆபீஸ் கார் டிரைவர், ஓயாமல் பீடி பிடிப்பவன். பெஹாலாவில் ஒரு விருந்தில் குடித்துவிட்டு, அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கி, கொட்டும் மழையில் அம்பாஸடரை ஓட்டியவர் மஹாதேவன்தான். மரத்தில் மோதி நின்றபோது வேலாயுதம் பக்கத்து இருக்கையில் உயிரோடு இருந்தான்.

"கழுத்து போயிடுச்சு ஸார். என்னை அசைச்சிடாதீங்க. யாரையாச்சும் கூப்பிடுங்க."

தெளிவாகத்தான் சொன்னான். மஹாதேவன் யாரையும் கூப்பிடவில்லை. கீழே இறங்கி, மறுபக்கம் சுற்றிப்போய், அவனை ஸ்டியரிங் பக்கம் தள்ளினார். தள்ளும்போது அவனுக்குள் ஏதோ ஒடிந்தது. பிறகு தெருவிளக்கு வரை நடந்து, அங்கே விழுந்தார்.

குடித்துவிட்டு ஓட்டிய டிரைவர் என்று செத்தவனுக்குப் பெயர் வந்தது. அவன் மனைவி அருக்காணி ஆபீஸ் வாசலில் நின்று, "அவரு தொட்டதே இல்லீங்க, நீங்களாச்சும் சொல்லுங்க ஐயா!" என்று அலறினாள். தனக்கு எதுவுமே ஞாபகமில்லை என்றார் மஹாதேவன். தலையில் கட்டோடு நின்றவரை எல்லோரும் நம்பினார்கள்.

கரியாஹாட் பக்கத்தில் இருந்தது ஸ்கேன் சென்டர். பட்டப்பகல். காமு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். வங்காளிப் பெண் ஒருத்தி அவருடைய மோதிரத்தைக் கழற்றச் சொல்லி, படுக்கவைத்து, காதுகளில் ஹெட்ஃபோனை மாட்டி, தலைக்குமேல் ஒரு கூண்டைப் பூட்டினாள். கூண்டில் சின்னக் கண்ணாடி. அதில் அவருடைய பாதங்கள் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால் அவள் உட்காரும் அறையின் ஜன்னல்.

பயம் வந்தால் அழுத்த ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்தாள். "நொட்பேன் நா, காக்கு." அசையக்கூடாது.

படுக்கை குழாய்க்குள் நகர்ந்தது. தகரக்கூரையில் கல்மழை பெய்வதுபோல் இயந்திரம் இடிக்கத் தொடங்கியது. இடித்து, உறுமி, மறுபடி இடித்து, அவர் பல் வேர்கள் வரை அதிர்ந்து, சட்டென்று நின்றது.

அமைதியில் அந்த மூச்சு.

இடது காதில். ஹெட்ஃபோனுக்குள்ளே.

"அசையாதீங்க ஸார்."

தமிழ்.

கண்ணாடியில் பார்த்தார். அந்தப் பெண் திரையைப் பார்த்தபடி பொரி கொறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பந்தை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அவள் தலை நிமிரவில்லை. குழாய் முழுக்க நனைந்த பீடி வாசனை. மழை. பெட்ரோல்.

"படம் நல்லா வந்திருக்கு ஸார். மூளையில ஒரு கொறையும் இல்ல." மூச்சு ஒருமுறை தடைப்பட்டது. "உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு."

"வேலாயுதம்..." என்றார். காற்றுதான் வந்தது.

யாரோ அவர் விரல்களைப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக. பொறுமையாக. பந்து போயிற்று.

"குப் பாலோ, காக்கு," என்று அந்தப் பெண்ணின் குரல் உற்சாகமாகப் பாராட்டியது. "ஏக்தம் நொட்பேன் நா."

இயந்திரம் மறுபடி இடித்தது.

முழங்கால்மேல் ஒரு பாரம். தொடைமேல். கண்ணை மூட முடியவில்லை. கண்ணாடியில் அவருடைய வெள்ளைக் காலுறைகள். அவற்றின் நடுவே இரண்டு வெறும் பாதங்கள். சேறு அப்பிய பாதங்கள். யாரோ அவர்மேல் குப்புறக் கிடப்பதுபோல், குதிகால்கள் மேல்நோக்கி இருந்தன.

கால்விரல்கள் படுக்கையில் ஊன்றின. உந்தின. அந்தப் பாதங்கள் அவர் முகத்தை நோக்கி, மெல்ல, ஏறி வரத் தொடங்கின.