சில்லிட்ட ஒத்தடம்

கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, முகாமில் காய்ந்து, கடைசியில் நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை கிடைத்தபோது, பனிமூட்டம்கூட எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. வேலையோடு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒற்றை அறையாக ஒரு காம்பராவும் கொடுத்தார்கள். வேலை போனால் காம்பராவும் போய்விடும். திரும்பிப் போகச் சிலோனும் இல்லை.

என்னைத் தேயிலை சலிக்கும் அறையில் போட்டார்கள். பட்டப்பகலிலும் அங்கே இருட்டு. தேயிலைத் தூசி பறந்து பறந்து பல்ப் வெளிச்சமே மங்கியிருக்கும். பக்கத்துச் சல்லடையில் நின்ற மருதாம்பாள் முதல் நாளே காதோடு சொன்னாள்.

"அம்மிணி, கண்ணுல தூசி உழுந்தா வெளிய ஓடிருங்க. இங்க மட்டும் கண்ண மூடிட்டு நிக்காதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பாதி வேலையில் ஓடினால், எங்களை மேய்க்கும் ஃபேக்டரி அதிகாரி டீ மேக்கர் சும்மா விடுவாரா? சிலோன்காரியைக் கிளப்பிவிட்டு, அந்த இடத்துக்குத் தன் ஆளைக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் தந்த தண்ணீரைக்கூட நான் குடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் வலது கண்ணில் ஏதோ தெறித்தது. மிளகாய் அரைத்து அப்பியதுபோல் எரிந்தது. டீ மேக்கர் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கே ஓடுவது? இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

ஒரு கை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தியது.

முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து ஊதும் சத்தம் கேட்டது. சிலோனில் எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கொருவர் இப்படித்தான் ஒத்தடம் கொடுப்போம். நம் சனம் ஒருத்தி இங்கே இருக்கிறாளே என்று மனம் நிறைந்துபோனது. அவள் சேலையில் ஈரமண் வாசனை அடித்தது.

ஊதிய துணி சுடவில்லை. சில்லென்று இருந்தது.

"மத்தக் கண்ணு?" என்று மெல்லக் கேட்டாள்.

"அது நல்லாத்தான் இருக்கு அக்கா."

"நல்லது தங்கச்சி."

எரிச்சல் சட்டென நின்றது. கண்ணைத் திறந்தேன். அருகில் யாருமில்லை. மருதாம்பாள் மட்டும் சல்லடையை விட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"மூடிட்டீங்களா?" என்றாள். "ஆண்டாயின்னு ஒருத்தி, உங்க சிலோன்காரப் பொண்ணுதானுங்க. இந்த ரூம்புலதான் ரெண்டு கண்ணும் போச்சு. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. போன மழையில செத்துப்போச்சு."

அப்போதும் நான் நம்பவில்லை. என்னைப் பயமுறுத்தக் கதை கட்டுகிறாள் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. ஆனால் பார்வை குழம்பியது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன்.

வலது கண்ணில் காம்பரா தெரியவில்லை. சலிக்கும் அறை தெரிந்தது, யாரோ நடந்துகொண்டே பார்ப்பதுபோல் அசைந்தபடி.

பிறகு ஃபேக்டரி கேட். பிறகு லயத்துக்கு ஏறிவரும் பாதை.

தப்பான ஆளைச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இடது கண்ணில் கதவின் உட்பக்கம் தெரிகிறது.

வலது கண்ணில் வெளிப்பக்கம்.