கடலில் குளித்த கல்

மழை பிடித்துக்கொண்டது. ஓலந்துத் தீவின் சிவந்த கிரானைட் கரையில், தனக்கு வேண்டிய அதே கல்லின் மேல் எவனோ ஒருவன் உட்கார்ந்து காபி குடிப்பதைப் பார்த்ததும் வென்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் எழுந்திருக்கறீங்களா? அது என் கல்லு."

"பேரு எழுதியிருக்கா?"

"எழுதல... உடைச்சிருக்கேன். சுத்தியல் அடி தெரியல?"

அவன் குனிந்து பார்த்துச் சிரித்தான். சாம்பல் நிறக் கண்கள்... மழை சொட்டும் இமைகள்... சே, வந்த வேலையைப் பார் என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

வந்த வேலை சின்னதல்ல. ஒரே பாறைக்குழம்பு உறைந்த கல்லென்றால், உறைந்தபோது இருந்த ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதமும் கல் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். இந்தக் கல் மட்டும் ஒத்துவரவில்லை. இரண்டு குழம்புகள் கலந்திருக்கின்றன என்று ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதினாள். கடல் நீர் ஊறினாலும் அந்த விகிதம் மாறும் என்று, பெயர் சொல்லாத மதிப்பாய்வாளர் ஒருவர், 'கல் கடலில் குளித்துவிட்டு வந்ததோ?' என்று நக்கலடித்துத் திருப்பிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. நாலு வருட உழைப்பு... ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ? இன்னொரு துண்டு உடைத்துப் பார்க்காமல் மனம் ஆறாது.

"நான் ஓஸ்மோ. நானும் ஐசோடோப்பு ஆளுதான்," என்று காபியை நீட்டினான். "நீங்க?"

"வென்லா. தூர்க்கு பல்கலைக்கழகத்துலேர்ந்து."

நீட்டிய கை அப்படியே நின்றது. "ஐயோ... கடல்ல குளிச்ச கல்லு!"

வாய் தவறி வந்துவிட்டது. அவள் முகம் சிவந்தது.

"அது நீங்கதானா?"

"ஒரு நிமிஷம் வென்லா..."

"ஒண்ணும் வேணாம்! நல்லா நக்கலடிக்கத் தெரியுது!" பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென நடந்தாள்.

"எழுதினதுலேர்ந்து எனக்கும் மனசு சரியில்ல! அதான் நேர்ல பாக்க வந்தேன்," மழைச் சத்தத்தை மீறிக் கத்தினான். "இந்தப் பக்கம் பாசியச் சுரண்டிப் பாத்தேன். வந்து பாருங்களேன்!"

கோபம் பெரிதா, கல் பெரிதா? கல்தான் ஜெயித்தது. திரும்பி வந்து மண்டியிட்டாள். சிவப்புக்குள் ஒரு கருப்புத் திட்டு... அதன் ஓரம் நெளிந்து நெளிந்து சிவப்போடு கரைந்திருந்தது.

"ரெண்டும் இளகியிருக்கும்போதே கலந்திருக்கு. நீங்க சொன்னதுதான் சரி," என்றான் மெல்ல. "தப்பு என்னோடது. இதழுக்கும் எழுதிடறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மழையில் தெரியாது என்று நினைத்தாள். அவன் பார்த்துவிட்டான்.

"அப்போ கட்டுரையத் திரும்ப அனுப்பறேன்," என்றாள். "நீங்களே படிங்க."

"முடியாது."

"இன்னும் திமிரு போகல பாருங்க!"

"திமிரில்ல... எழுதினவங்களுக்கு வேண்டியவங்க மதிப்பாய்வு பண்ணக் கூடாதுன்னு விதி இருக்கே."

"நீங்க எனக்கு வேண்டியவரா? எப்போலேர்ந்து?"

"நீங்க எனக்கு வேண்டியவங்களாயிட்டீங்க... இந்தக் கல்லுலேர்ந்து என்னை விரட்டினீங்களே, அப்போலேர்ந்து."

மழை நீர் பாதி கலந்திருந்த அந்தக் காபியை அவன் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"சரி... அப்போ வேற யாராவது படிக்கட்டும்," என்றாள் வென்லா.